‘ஐ7’ ஸ்டிக்கரை நம்பிப் பழைய லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. தினமும் எட்டு மணி நேரம் எக்செல், வீடியோ மீட்டிங். மாலையில் மகள் அதிலேயே படிப்பாள். தெரிந்த ஒருவர், ‘ஐ7, 16 ஜிபி, விண்டோஸ் 11’ என்று ஒரு பழைய லேப்டாப்பைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா, டெஸ்க்டாப்பே மேலா?

பதில்: டெஸ்க்டாப் வாங்குங்கள். லேப்டாப் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கீபோர்டு எட்டாது. கீபோர்டுக்குத் தக்கபடி வைத்தால் நாள் முழுக்கக் கழுத்து குனிந்தே இருக்கும்.

அந்த ‘ஐ7’ விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பிராசசரின் முழுப்பெயர் அங்கே இருக்கும். ‘ஐ7-7500யூ’ என்றிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 7-ஆம் தலைமுறை, 15 வாட், இரண்டே கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி). அதே தலைமுறை டெஸ்க்டாப்பின் ஐ5-7400-க்கு நான்கு கோர். ஸ்டிக்கரில் பெரிய எண், உள்ளே சின்ன இன்ஜின்! இந்தப் பெயர்க் குழப்பத்தைக் கம்பெனிகள்தான் உண்டாக்கின. இடைத்தரகர்கள் அதில் பிழைக்கிறார்கள்.

விண்டோஸ் 11, இன்டெல் பிராசசர்களில் ஓரிரு விலக்கு தவிர 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஓடும். அதற்கு முந்தைய மெஷினில் விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றித் தருகிறார்கள். இன்றைக்கு ஓடும், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் தானாக வராது. விண்டோஸ் 10-க்கே திரும்பலாம் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் மெஷின்களை இப்படிக் குப்பைக்குத் தள்ளுவது அநியாயம்தான். அதற்காக அந்தக் குப்பையை நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

டெஸ்க்டாப்பில் உங்கள் வேலைக்கு ஐ5-12400 போன்ற ஆறு கோர் போதும். 8 ஜிபி ரேம் இரண்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு), 24 அங்குலத் திரை. பில்லில் ‘12400எஃப்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. அதைச் சமாளிக்கத்தான் யாரோ கழற்றிப் போட்ட பழைய கார்டை உங்கள் தலையில் கட்டுவார்கள். அசெம்பிள் செய்பவர் மிச்சம் பிடிக்கும் இன்னொரு இடம் பவர் சப்ளை. பில்லில் அதற்குப் பிராண்டும் மாடலும் எழுதி வாங்குங்கள். பெயரில்லாத பெட்டி புகைந்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம்.

திரைக்குள்ளேயே கணினி அடங்கிய ஆல்-இன்-ஒன் வேண்டவே வேண்டாம். திரை போனால் மொத்தக் கணினியும் ரிப்பேருக்குப் போகும்.

ஒரே ஒரு விலக்கு: அடிக்கடி மின்சாரம் போகும் வீடு. 600 விஏ யூபிஎஸ் உங்களுக்குச் சில நிமிடம்தான் தரும். ஃபைலைச் சேமித்து அணைக்கத்தான் அது. அதில் லேசர் பிரிண்டரை மாட்டவே கூடாது. சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது. மணிக்கணக்கில் மின்வெட்டு என்றால் புது லேப்டாப்பே வாங்கி, தனித் திரை, கீபோர்டு, மவுஸ் வைத்து டெஸ்க்டாப் போலப் பயன்படுத்துங்கள். மின்வெட்டில் தனித் திரை அணைந்தாலும் வேலை லேப்டாப் திரையில் தொடரும். ரவுட்டருக்குத் தனியாகச் சிறிய பேட்டரி வேண்டும். இல்லையென்றால் மீட்டிங் பாதியில் அறுந்துவிடும். வாங்குமுன் டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’யைப் பாருங்கள். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. 8 ஜிபியோடு அப்படி இருந்தால், ‘பின்னால் கூட்டிக்கொள்ளலாம்’ என்று கடைக்காரர் சொன்னாலும், காலியான ஸ்லாட்டைக் காட்டினால் மட்டும் நம்புங்கள்.