பெட்டி பிரிக்காத கணினி

அன்புள்ள ஐயா,

என் அப்பா சிறுவயதில் கமடோர் 64 கணினியில்தான் நிரல் எழுதப் பழகினார். பிறகு அதை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இன்றும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் முகமே மாறிவிடும். அவருக்கு ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று சில வருடங்களாக ஏலத் தளங்களைப் பார்த்துவருகிறேன். பார்க்கும்போதெல்லாம் விலை ஏறியிருக்கிறது. முன்பு பெட்டி, கேசட் பிளேயர் எல்லாம் சேர்த்துக் கேட்ட விலைக்கு இப்போது வெறும் கணினிகூட வருவதில்லை. வாங்கி விற்பவர்கள் பதுக்குவதால்தான் இப்படி என்று நினைக்கிறேன். பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன், உயிரே இல்லை.

இப்போதே வாங்கிவிடுவதா, விலை இறங்கும்வரை காத்திருப்பதா? பெட்டி பிரிக்காதது கிடைத்தால் கூடக் கொடுத்தாவது எடுத்துவிடலாம் என்று யோசனை. நல்ல முதலீடு என்று நண்பர்களும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம.

*

அன்புள்ள ம.,

பழைய கணினி விலை பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. பெட்டி பிரிக்காதது கிடைத்தால் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக எழுதுகிறேன். சில வாரங்களாக என் மனதில் கிடந்து உறுத்தும் விஷயம் அது. அதோடு, அப்பாவுக்காக என்று ஆரம்பித்து முதலீடு என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு என்றால் அவர் பெட்டியைப் பிரிப்பார். முதலீடு என்றால் அவரைத் தொடவே விடமாட்டீர்கள்.

முதலில் விலையை முடித்துவிடுவோம். கமடோர் 64 வெளிவந்தது 1982-இல், விலை 595 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கு ஏறக்குறைய 2,000 டாலர். இப்போது நீங்கள் தலையில் கைவைக்கும் விலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் தாத்தா கொடுத்த பணத்தில் ஒரு பங்கைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். இடையில் ஒரு காலம் இருந்தது. அப்போது இவை குப்பைத்தொட்டி ஓரம் கிடந்தன, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று சும்மா கொடுத்தார்கள். அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஏறிவிட்டது ஏறிவிட்டது என்கிறோம். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் கையில் இன்று காசு இருக்கிறது, பரண்கள் பெரும்பாலும் காலியாகிவிட்டன, ஊரடங்குக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்களெல்லாம் ஒரே நேரத்தில் பழைய ஆசையைத் தேடி வந்தார்கள். வேறு மர்மம் எதுவும் இல்லை.

பிறகு ஆப்பிள் 1, ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினி. மொத்தமே சுமார் 200 செய்தார்கள். அதில் ஒன்று 2014-இல் 9,05,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தி வந்ததோ இல்லையோ, வீட்டில் பழைய கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தன்னுடையதும் புதையல் என்று தோன்றிவிட்டது. கமடோர் 64 எண்ணிக்கையில் ஒரு கோடிக்கு மேல் விற்ற பொருள், ஐயா. அதை அபூர்வம் என்று போட்டு விற்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வாங்கி விற்பவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல கணினிகள் எப்போதோ உருக்கப்பட்டிருக்கும். எமுலேட்டருக்கு உயிர் இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தக் காலத்து மென்பொருள் இன்று ஓடுகிறது என்றால் அதை ஒரு காசு வாங்காமல் எழுதிக்கொடுத்தவர்கள்தான் காரணம், கண்ணாடி அலமாரிக்காரர்கள் இல்லை.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

1991-இல் கமடோர் நிறுவனம் அமிகா 500 பிளஸ் என்று ஒரு கணினியை விட்டது. அதன் போர்டில், கடிகாரம் ஓடுவதற்காகச் சிறிய பீப்பாய் வடிவில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியை நேரடியாகச் சால்டர் செய்திருந்தார்கள். காலப்போக்கில் அது கசியும். அமிலம் அமிலம் என்பார்கள், உண்மையில் அது காரம். அதனால்தான் சுத்தம் செய்கிறவர்கள் முதலில் வினிகரைத் தொட்டு வைக்கிறார்கள். முதலில் பேட்டரியின் கால்களில் பச்சையும் நீலமுமாகப் பூக்கும். பிறகு போர்டின் பூச்சுக்கு அடியில் புகுந்து, செம்புத் தடங்களைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து போகும். மேலே பார்த்தால் தடம் கொஞ்சம் கறுத்த மாதிரி மட்டும் தெரியும். ஊசி முனையால் சுரண்டினால் உள்ளே செம்பே இருக்காது, பொடி உதிரும். அந்தப் பேட்டரியை முளையிலேயே கிள்ளி எடுக்க ஒரு கட்டிங் பிளேயரும் ஐந்து நிமிடமும் போதும். ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டுமே!

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்த அமிகா 500 பிளஸ் நிச்சயமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும்? யாரும் தொடாதது. சீல் உடையாதது. அதாவது அதிக விலைக்குப் போவது. பிரித்துப் பேட்டரியை வெட்டி எறிந்த ஒருவரின் கணினி, அழுக்கும் கீறலுமாக இருந்தாலும், இன்னும் பல வருடம் ஓடும். அதற்கு விலை குறைவு. பிரித்தால் விலை போய்விடும் என்று பிரிக்காமல் வைத்திருப்பவர், உள்ளே இருப்பது கணினியா செங்கல்லா என்று தெரியாமலேயே அதை அடுத்தவருக்கு விற்கிறார். அவரும் பிரிக்காமல் அதற்கடுத்தவருக்கு விற்கிறார். இதற்குப் பெயர் சேகரிப்பாம்.

அடுத்த வருடம் வந்த அமிகா 1200-இல் அந்தப் பேட்டரி இல்லை, ஆனால் குட்டிக் குட்டிக் கெபாசிட்டர்கள் கசிகின்றன. பழைய மெக்கின்டோஷ் சிலவற்றில் லித்தியம் பேட்டரி வெடித்துப் பக்கத்தில் இருப்பதையும் தின்றுவிடுகிறது. பிபிசி மைக்ரோ என்ற கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் பழைய காகிதக் கெபாசிட்டர் ஈரம் இழுத்து, ஸ்விட்ச் போட்ட சிறிது நேரத்தில் அறை முழுக்கப் புகை கக்கும். அது நாற்றத்தோடு போய்விடும், கணினி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சும்மா வைத்தால் கெடாது என்பது புத்தகத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

என் மாமாவிடம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கணினி இருந்தது, தட்டுவதற்கு ரப்பர் சாவிகள் கொண்ட 48 கே, அதாவது 48 கிலோபைட் நினைவகம். அதில் எல்லாமே கேசட்டில்தான். டேப் ரெகார்டரில் பிளே அழுத்தினால் முதலில் ஒரே சீரான கீச்சுச் சத்தம், டிவியின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். பிறகு சத்தம் கரகரவென்று உடைந்து நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் மெலியும். அப்போதுதான் நாங்கள் மூச்சு விடுவோம். நினைவகம் முழுக்க நிரம்ப ஐந்து நிமிடம் போல ஆகும். நான்கரை நிமிடம் கழித்து 'டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும்.

மாமா ஒரு வார்த்தை பேசமாட்டார். வேறு ரெகார்டரில் பதிந்த கேசட் என்றால் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு ஒத்துப்போகாது. டேப் ரெகார்டரின் ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. அதில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை வைத்து, காதைச் சாய்த்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். கீச்சுச் சத்தம் எந்த இடத்தில் மிகக் கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துவார். நாங்கள் வாயைத் திறந்தால் திட்டு விழும். ஒருநாள் ஒரு வரிசைச் சாவிகள் வேலை செய்யாமல் போயின. பிரித்துப் பார்த்தால், சாவிகளுக்கு அடியில் இருக்கும் மெம்பரேன் என்ற மெல்லிய தாளின் வால் நுனியில் விரிசல். அந்த நுனியை மட்டும் கத்தரியால் நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் திரும்ப அதே இடத்தில் சொருகினார். எழுத்துகள் வந்தன. அவர் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் இல்லை, கணக்கு வழக்கு பார்க்கிற வேலை. அந்தக் கணினி என்ன விலை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. திறந்தால் என்ன ஆகும் என்று பயந்தும் பார்த்ததில்லை.

அருகிவருவது இப்படிப்பட்ட கைகள். விற்பனை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். பெட்டி உண்டா, தெர்மோகோல் உண்டா, மேல்மூடி மஞ்சளாகியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கெபாசிட்டர் மாற்றியதா, யார் மாற்றியது, எந்தச் சிப் போய் எதைப் போட்டார்கள் என்று ஒரு வரி இருக்காது. நானாக இருந்தால், மூடிக்குள் பென்சிலால் பழுது பார்த்த விவரம் எழுதி வைத்திருக்கும் கணினிக்குத்தான் கூடுதல் பணம் கொடுப்பேன். (மஞ்சளை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைக்கிறார்கள். திட்டுத்திட்டாகப் போவதும் உண்டு, மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு. அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் அப்பாவுக்கும் முடி நரைத்திருக்கும்தானே.)

இன்னொரு அக்கிரமமும் நடக்கிறது. கமடோர் 64-இன் ஒலிச் சிப்பைப் பாப் யான்னஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தார். சிட் என்று பெயர், ஒரே நேரத்தில் மூன்று குரல்கள். அதன் ஃபில்டர் அனலாக் வகை என்பதால் ஒரு சிப்பைப் போல இன்னொன்று ஒலிக்காது. இசைக்காரர்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு மோகம். 1999-இலேயே அதை வைத்து சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒன்று வந்துவிட்டது. கமடோர் 1994-இல் திவாலான பிறகு புதிதாகச் செய்ய ஆளில்லை. அதனால் நன்றாக ஓடுகிற கணினியைத் திறந்து, சிட்டை மட்டும் பிடுங்கி விற்றுவிட்டு, மீதியை 'உதிரிபாகத்துக்கு' என்று தள்ளிவிடுகிறார்கள். போலிச் சிட்களும் உலவுகின்றன. நீங்கள் வாங்கும்போது சத்தம் வருகிறதா என்று ஒரு வீடியோ கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அதேபோல 'கேபிள் இல்லாததால் சோதித்துப் பார்க்கவில்லை' என்றால் சோதித்துவிட்டார், ஓடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்டை யாரும் பிடுங்காவிட்டால் நீங்களே கொன்றுவிடும் வாய்ப்பும் இருக்கிறது. ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. கமடோர் 64-உடன் வரும் அந்தக் கனமான கறுப்பு பவர் சப்ளையைக் கணினியில் சொருகாதீர்கள். அதன் உள்ளே எபாக்சி என்ற கெட்டிப் பிசினை ஊற்றி அடைத்திருப்பார்கள், வெப்பம் வெளியே போக வழி கிடையாது. 5 வோல்ட் கொடுக்க வேண்டிய ரெகுலேட்டர் வயதாகிச் சாகும்போது கீழே இறங்காது, மேலே ஏறும். ஏறினால் முதலில் நினைவகச் சிப்கள் போகும், பிறகு கையில் அகப்பட்டதெல்லாம் போகும். பிரித்து ரிப்பேர் பண்ணலாம் என்றால் எபாக்சி விடாது. மல்டிமீட்டரில் பார்த்தேன், சரியாக 5 காட்டியது என்று சொல்வீர்கள். குளிர்ந்திருக்கும்போது, சுமை இல்லாதபோது அப்படித்தான் காட்டும். அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் அது என்ன செய்யும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. இன்று சரி, நேற்றும் சரி, நாளைக்கு அப்பா ஆசையாக உட்காரும்போது போகும். பெட்டியோடு, அசல் பவர் சப்ளையோடு, முழு செட் என்று கூடுதல் விலை வைக்கிறார்களே, அந்தக் கூடுதல் விலையில் நீங்கள் வாங்குவது இதையும் சேர்த்துத்தான். புதிதாகச் செய்த பவர் சப்ளைகள் கிடைக்கின்றன. பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வோல்டேஜ் ஏறினால் துண்டித்துவிடும் சிறிய பாதுகாப்புக் கருவிகள் உண்டு, இடையில் அதைப் போடுங்கள். பழைய சப்ளையை அழகுக்கு அலமாரியில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது வாங்குவதா, காத்திருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இத்தனையும் எழுதி அதை விட்டுவிட்டேன். விலை இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்க உங்கள் அப்பாவுக்கு நேரம் இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெட்டி இல்லாத, கீறல் விழுந்த, ஓடுகிறது என்று கண்ணால் பார்த்த ஒன்றை வாங்குங்கள். நீலத் திரையில் 38911 பைட்டுகள் காலி என்ற வரி வந்து கர்சர் துடித்தால் போதும். அவரிடம் எதுவும் விளக்கிச் சொல்லாதீர்கள், நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கை, தானாகவே போக் 53280 என்ற கட்டளையை அடித்து ஓரத்தின் நிறத்தை மாற்றப் பார்க்கும்.

பவர் சப்ளை புதியது வந்ததும், கணினியில் சொருகுவதற்கு முன்னால், அதையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்.