340-ல் கோடு ஏன் அசையவில்லை?

ஆய்வு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: மனித ஐசோவலெரில்-கோஏ டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி, சுருக்கமாக ஐவிடி, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, ஹிஸ்-டேக் (சுத்திகரிக்க ஒட்டவைக்கும் சிறு வால்) உள்ளது, 100 மைக்ரோலிட்டரில் 20 மைக்ரோகிராம் வாங்கினேன். ஜெல்லில் பட்டை 45 கிலோடால்டன் பக்கம் நிற்கிறது, புத்தகத்தில் 43 என்று இருக்கிறது. என்ஏடி (எலக்ட்ரான் வாங்கியதும் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் துணைப்பொருள்) சேர்த்து 340-ல் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நொதி செத்துவிட்டதா?

இருக்கிறதா செத்ததா என்று நீங்கள் இன்னும் சோதிக்கவே இல்லை. பெயரில் டீஹைட்ரஜனேஸ் என்று இருந்தாலே கை தானாக என்ஏடி பாட்டிலுக்குப் போகும், இங்கே அது வேலைக்கு ஆகாது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் லூசின் சிதைவின் மூன்றாம் படி இது. ஐசோவலெரில்-கோஏவை 3-மெத்தில்குரோட்டோனில்-கோஏ ஆக்கும்போது வரும் எலக்ட்ரான்களை ஐவிடி தன்னோடு ஒட்டியிருக்கும் எஃப்ஏடி என்ற துணைப்பொருளில் வாங்கி, ஈடிஎஃப் என்ற இன்னொரு புரதத்திடம் கொடுக்கிறது. என்ஏடிக்கு இதில் பங்கே இல்லை, ஆகவே நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் 340-ல் கோடு நேராகத்தான் போகும்.

ஈடிஎஃப் வைத்துச் செய்யும் சோதனைதான் உயர்ந்தது, ஆனால் அதற்கு ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும், ஈடிஎஃப்பையும் தனியே தயாரிக்க வேண்டும், உங்களுக்கு இப்போது அது வேண்டாம். எலக்ட்ரான் வாங்கினால் நிறம் போகும் டிசிபிஐபி என்ற நீலச் சாயத்தை எடுங்கள், நடுவில் எலக்ட்ரான் கடத்த பிஎம்எஸ் என்ற பொருளைச் சேருங்கள், 600 நானோமீட்டரில் நீலம் வெளிறுவதைப் பாருங்கள். பிஎம்எஸ் வெளிச்சத்தில் கெடும், குழாயை அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. குப்பியின் பஃபரில் டிடிடி (புரதம் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒடுக்கி) இருக்கிறதா என்று தகவல் தாளில் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். டிடிடி தானே அந்தச் சாயத்தை வெளுக்கும், நொதியே தேவையில்லை! பழைய ஐசோவலெரில்-கோஏ உடைந்து வெளிவரும் கோஏவும் மெதுவாக அதையே செய்யும். அதனால் நொதி இருந்து சப்ஸ்ட்ரேட் (அதாவது ஐசோவலெரில்-கோஏ) இல்லாத ஒன்று, சப்ஸ்ட்ரேட் இருந்து நொதி இல்லாத ஒன்று, இரண்டையும் கூடவே ஓட்டுங்கள். இவற்றைக் கழித்தபின் மிஞ்சும் வேகம் மட்டும்தான் ஐவிடியுடையது.

அடுத்தது எஃப்ஏடி. சுத்திகரிக்கும்போது அது கழன்றுபோவது உண்டு. நொதியில் எஃப்ஏடி இருந்தால் மஞ்சளாக இருக்க வேண்டுமே, என் குப்பி நிறமில்லாமல் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். உங்கள் கரைசல் 4.5 மைக்ரோமோலார் போலத்தான் வரும், அதில் எஃப்ஏடி முழுதாக இருந்தாலும் 450 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.05 அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. 10 முதல் 20 மைக்ரோமோலார் எஃப்ஏடி சேர்த்து ஐஸில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

45 பற்றி: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வழிகாட்டி, போனதும் வெட்டப்படும் முகப்புத் துண்டு ஒன்று இந்தப் புரதத்துக்கு உண்டு; அது வெட்டுப்படாத முன்வடிவமும் கிட்டத்தட்ட அதே எடைதான், அதனால் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் அதை வெட்ட ஈ.கோலையில் மைட்டோகாண்ட்ரியா ஏது? இப்படித் தயாரிக்கும்போது அந்தத் துண்டை வழக்கமாக மரபணுவிலேயே நீக்கிவிடுவார்கள். ஹிஸ்-டேக் அதன் இணைப்போடு சேர்ந்து 20 அமினோ அமிலம் வரும், சுமார் 2 கிலோடால்டன், கணக்கு சரியாகிவிட்டது. தகவல் தாளில் புரத வரிசை எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

அப்புறம், தாளில் "தூய்மை 90%" என்று போட்டிருப்பது ஜெல்லை வைத்துச் சொன்னது. சூடாக்கிச் சிதைத்த புரதமும் ஜெல்லில் அழகாகத்தான் ஓடும், அதனால் அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. இதையெல்லாம் செய்தும் அசைவில்லை என்றால், அந்த லாட் எண்ணுக்கான செயல்திறன் அளவீட்டை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.