அதிகம் பேசாத சுபாவம் உள்ளவர் நீங்கள். பழக்கமே இல்லாத ஓர் உலகத்தில் புதிதாக அறிமுகமானவர்களைப் பற்றி உங்கள் மனதில் என்ன பதிந்தது?

நான் வக்கீல். இதைச் சொன்னால் அடுத்த வார்த்தை "அப்ப நல்லா பேசுவீங்கன்னு சொல்லுங்க" என்றுதான் வரும். இல்லை. நான் சிவில் பக்கம். பிராது, எதிருரை, இடைக்கால மனு என்று எழுதித் தள்ளுகிற பிழைப்பு. வாய்தா வாங்க நாலு வார்த்தை போதும். கல்யாண வீட்டில் பந்தி எப்போது போடுவார்கள் என்று மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேனே, அந்த ரகம்.

பிறந்தது கும்பகோணம். வாக்கப்பட்டது தூத்துக்குடி. உப்பு என்றால் எனக்குப் பாடப்புத்தகம்தான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார், எங்கள் ஊர் வழியாகத்தான் போனார் என்று வாத்தியார் பெருமையாகச் சொல்வார். தூத்துக்குடிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும், திருச்செந்தூர் போகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்ததைத் தாண்டி உப்பளத்தை எனக்குத் தெரியாது. வெள்ளை வெள்ளையாக அம்பாரம், கண் கூசும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த உலகத்துக்குள் என்னைத் தள்ளியது ஒரு கோர்ட் உத்தரவு. முள்ளக்காட்டுப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு உப்பளங்கள். நடுவில் ஒரு வரப்பு, அதை ஒட்டி ஒரு வாய்க்கால். எதிர்வாதி வரப்பை உடைத்துத் தள்ளிக் கட்டிவிட்டார் என்பது வாதி கட்சி. வரப்பு காலங்காலமாக அங்கேதான் இருக்கிறது என்பது எதிர்வாதி கட்சி. நேரில் போய்ப் பார்த்து அறிக்கையும் வரைபடமும் கொடுக்க கமிஷனர் வேண்டும் என்று மனு போட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 26ஆவது கட்டளை, 9ஆவது விதி. கமிஷனராக நீதிபதி என் பெயரைச் சொன்னார். நான் பேச மாட்டேன், ஒரு பக்கம் சாய மாட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

கமிஷனர் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்த்ததை எழுதலாம், அளந்ததை எழுதலாம். எந்தக் கட்சிக்காரருக்காகவும் சாட்சியம் திரட்டக் கூடாது. இடம் யார் அனுபவத்தில், அதாவது யார் கைவசம், இருக்கிறது என்று தீர்மானிக்கவும் கூடாது, அது கோர்ட்டின் வேலை. அதாவது கண்ணைத் திறந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது.

மார்ச் நடுவில் முதல் நாள். காலை ஒன்பதரை. இரண்டு தரப்பு ஜூனியர் வக்கீல்கள், தாலுகா சர்வேயர், வாதியின் கணக்கப்பிள்ளை, எதிர்வாதியின் கங்காணி, நான். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். "வாங்க வக்கீலம்மா, காலைல சாப்பிட்டாச்சா? வெயிலுக்கு முந்தி ஒரு கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். கட்சிக்காரர் கையால் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் நாளைக்கு ஆட்சேபணையில் ஒரு பத்தி வரும். ஆளைப் பார்த்ததும் 'ரொம்பக் குழைகிறார், கவனமாக இருக்கணும்' என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். கங்காணி எதிர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பின் மேல் நின்று என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். 'முரடர்' என்று அதையும் எழுதிக்கொண்டேன். பேசாதவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட வழக்கம் உண்டு. வாய் மூடியிருக்கிற நேரமெல்லாம் உள்ளே தீர்ப்பு எழுதிக்கொண்டே இருப்போம்.

சர்வேயர் இந்தக் கூட்டத்தில் சேராதவர். வாயை மூடவே மாட்டார். "மேடம், உப்பளத்துல அளக்குறது மாதிரி ஒரு பாவம் கிடையாது. கல்லை நட்டா உப்பு தின்னுடும்" என்று தொடங்கினார். உண்மைதான். புலப்படத்தில், அதாவது சர்வே வரைபடத்தில், நாலு சர்வே கல் இருந்தது. தரையில் ஒன்றரைதான் கிடைத்தது. அந்த அரைக் கல் பொரிந்த அப்பளம் மாதிரி கையோடு பெயர்ந்து வந்தது. எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் மோட்டார் போடுகிறவர் எனக்கு உப்பு பாடம் எடுத்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். போர் தண்ணீரை இறைத்து தெப்பத்தில் விடுவது, அங்கே வெயிலில் வற்ற வைப்பது, பக்குவம் வந்ததும் பாத்திக்குத் திருப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் டிகிரிக் குழாயை ஒரு பிளாஸ்டிக் குவளையில் மிதக்கவிட்டுக் காட்டினார். கடல் தண்ணீர் 3 டிகிரி நிற்கும். நிலத்தடித் தண்ணீர் அதைவிடக் கூட. 25 வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30க்கு மேல் விட்டால் கசப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். "குழாய் எதுக்கு, தண்ணி சிவந்து வாரதப் பாத்தாலே தெரியுமே" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். தெப்பத்துத் தண்ணீர் வெற்றிலை எச்சில் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. பாத்தியில் மேலாக ஒரு படலம், பால் ஆடை மாதிரி. காற்று அடித்தால் அது உடைந்து சரசரவென்று அடியில் போய் உட்காரும். அந்த ஆடைதான் உப்பு. நான் வக்கீல் என்பதையோ அவர் பேசுவது எந்தப் பக்கத்துக்குச் சாதகம் என்பதையோ அவர் ஒரு நொடிகூட யோசித்ததாகத் தெரியவில்லை. அங்கே பார்த்தவர்களில் தொழிலைப் பற்றி மட்டும் பேசிய ஒரே ஆள்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாதி பக்கத்துப் பாத்தியில் பதினான்கு பேர். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, காலில் பழைய ரப்பர் பூட்ஸோ கிழிந்த சாக்ஸோ. சிலருக்கு அதுவும் இல்லை. பலகையால் உப்பை உடைத்து இழுத்து வரப்போரம் ஒதுக்குகிறார்கள், வேறு சிலர் கூடையில் அள்ளி, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டுக்குச் சுமக்கிறார்கள். விடியுமுன்னே வந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் ஓர் ஆச்சி, அறுபது இருக்கும். வரப்பு ஓரமாக அவர் நின்ற இடம்தான் எனக்கு அளக்க வேண்டிய இடம். "இங்க ரொம்ப நாளா வேலை பாக்குறீங்களா ஆச்சி?" என்றேன். சாட்சியம் வாங்கவில்லை, சும்மா ஒரு மரியாதைக்கு. வாயைத் திறக்கவில்லை. பலகையை நகர்த்திவிட்டுப் போய்விட்டார். இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் முகத்தைத் திருப்பினாள். பதினான்கு பேர் வேலை செய்கிற இடம். வயல் நடவென்றால் இந்நேரம் ஊர்க்கதை பாதி முடிந்திருக்கும். இங்கே பலகை உரசுகிற சத்தம் மட்டும். முதலாளி மிரட்டி வைத்திருக்கிறார், வக்கீலிடம் பேசாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். கணக்கப்பிள்ளை மேல் வந்த சந்தேகம் உறுதியானது.

வெயில் ஏற ஏற நான் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தேன். பதினொன்றரை மணிக்கு அதன் பலன் தெரிந்தது. சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை. மரம் இல்லை, மறைவு இல்லை. கருவேலம் புதர் ஒன்று தெரிந்தது, நடந்தால் கால் மணி நேரம் ஆகும். ஆண்களெல்லாம் வரப்பில் வரிசையாக நிற்கிறார்கள். ஆணாக இருந்தால் திரும்பி நின்றுகொள்வார்கள். நான் யாரிடம் கேட்பது? கூச்சத்தில் மேலும் ஒரு மணி நேரம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. அளவைத் தப்பாகச் சொன்னேன். சர்வேயர் இரண்டு தடவை திருத்தினார்.

கவனித்தது அந்த ஆச்சிதான். பலகையைப் போட்டுவிட்டு நேராக வந்து கையைப் பிடித்தார். "வாங்க" என்று ஒரே வார்த்தை. மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திறந்து கிடக்கும், கதவு கிடையாது. மோட்டார்காரர் யாரும் சொல்லாமலே எழுந்து, எங்களைப் பார்க்காமல், குழாயை எடுத்துக்கொண்டு தெப்பத்துப் பக்கம் போய்விட்டார். இன்னும் மூன்று பெண்கள் எங்கிருந்தோ வந்து திறந்த பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார்கள். தலைத்துண்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து உப்பு உதிர்ந்தது.

வெளியே வந்ததும் ஆச்சி பேசினார். என்னிடம் அவர் சேர்த்துப் பேசியது இவ்வளவுதான்:

"புதுசுன்னா இப்பிடித்தான். நாளைக்கு வரும்போது தண்ணி குடிக்காதிய. பேச்சும் கொடுக்காதிய. பேசினா தொண்டை காயும், காஞ்சா தண்ணி தவிக்கும், தண்ணியக் குடிச்சா எங்கன போவ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அமைதிக்கு முதலாளியின் மிரட்டல் காரணமில்லை, என்மேல் கோபமும் இல்லை. பதினான்கு பேரும் எச்சிலைச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் இருப்பது என் சுபாவம் என்று சின்ன வயசிலிருந்து எல்லாரும் செல்லமாகச் சொல்வார்கள். "எங்க புள்ள அதிர்ந்து பேசாது" என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமைகூட. எனக்கு அது சௌகரியம். அவர்களுக்குச் செலவுக் கணக்கு.

அடுத்தடுத்து மூன்று தடவை போனேன். இரண்டாம் தடவை கங்காணியைப் பற்றி எழுதியதையும் அழிக்க வேண்டியிருந்தது. எதிர்வாதி பக்கத்தில் சுமை தூக்கிய பெண் ஒருத்தியின் காலில் வெடிப்பு. உப்புத் தண்ணீர் பட்டால் அந்தப் புண் லேசில் ஆறாது. அந்த முரடர் யாருக்கும் தெரியாமல் அவளைத் தட்டுமேட்டில் சாக்கு தைக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். கூலியைக் குறைத்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கணக்கப்பிள்ளையைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் மாறவில்லை. அவர் கடைசிவரை குழைந்துகொண்டுதான் இருந்தார். முதல் பார்வை எல்லாமே தப்பு என்று கதை சொல்ல ஆசைதான், ஆனால் அவர் விஷயத்தில் நான் நினைத்தது சரி. கடைசி நாள் என் கணவரின் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தார்.

(இடையில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்தில் வேலை இருக்காது. அந்தக் காலத்துக்கு என்று 2022இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் கொண்டு வந்தது. ஓரளவு நல்லதுதான். அந்த வருஷம் செய்தியைப் படித்தபோது, கதவு போட்ட ஒரு தகரக் கொட்டகைக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது.)

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். வரப்பின் நீளம், அகலம், மண்ணின் நிறம் எங்கே புதுசாகத் தெரிகிறது, வாய்க்கால் எங்கே வளைகிறது எல்லாம் வந்துவிட்டது. பதினோரு பக்கம். நான் சந்தித்த ஆட்களுக்கு அதில் இடமே இல்லை. இருக்கவும் கூடாது. ஒரே ஒரு வரி சேர்த்தேன்: "வாதி தரப்பு பாத்திகளில் ஆய்வின்போது 14 பெண் தொழிலாளர்கள் பணியில் இருந்தனர்." அதற்கும் எதிர்வாதி ஆட்சேபணை போட்டார். இடம் வாதியின் அனுபவத்தில் இருப்பதுபோலத் தோற்றம் தருகிறதாம், எதைப் பார்க்க வேண்டும் என்று கோர்ட் கொடுத்த வாரண்டைக் கமிஷனர் தாண்டிவிட்டாராம். சட்டப்படி பார்த்தால் அவர் வக்கீல் கேட்டதில் நியாயம் இருந்தது. நானாக இருந்தாலும் அதே ஆட்சேபணையைப் போட்டிருப்பேன்.

விசாரணையில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கமிஷனரைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அதற்கு விதி இருக்கிறது. தினமும் நின்று பேசுகிற கோர்ட் ஹால்தான், இருந்தாலும் அந்தப் பக்கம் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பெஞ்ச் கிளார்க் தண்ணீர் டம்ளரை நீட்டினார். பழக்கதோஷம், வேண்டாம் என்றேன்.

எதிர்வாதி வக்கீல் என் வரைபடத்தை விரித்தார். சீனியர், எல்லாருக்கும் அண்ணாச்சி. ஓர் இடத்தில் விரலை வைத்தார். மோட்டார் கொட்டகை, 8 அடிக்கு 6 அடி, தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், கதவு இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

"வரப்பையும் வாய்க்காலையும் பாக்கத்தான் உங்கள அனுப்பினது. இந்தக் கொட்டகைய அளக்கச் சொல்லி வாரண்டுல எங்கம்மா இருக்கு?"

"இல்லை."

"அப்ப எதுக்கு அளந்தீங்க? கதவு இல்லைன்னு வேற எழுதியிருக்கீங்க."

பின் வரிசையில் சர்வேயர் சாட்சிக்குக் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், சர்வே கற்கள் அரித்துப் போயிருந்ததால் நிலையான அடையாளம் ஒன்று தேவைப்பட்டது என்றேன். நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அப்படியே அடித்தார்.