ரோஜர்ஸ் எல்எஸ் 3/5ஏ-வில் பேஸ் போதவில்லை: விற்கலாமா?

வணக்கம் நண்பரே. 20 அடி ஹாலில், 20 வாட் ஆம்ப்ளிஃபயரில் பழைய 15 ஓம் (மின்தடை அளவு) ரோஜர்ஸ் ஸ்பீக்கர் ஜோடி பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) இல்லாமல் மெலிசாகக் கேட்கிறது, விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் வைத்திருந்த ஸ்பீக்கர்களில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

இது பிபிசி 1970களில் ஒலிபரப்பு வேன் போன்ற சின்ன இடங்களில் வைத்துக் கேட்க உருவாக்கியது. ஒரு அடி உயர மூடிய பெட்டி, அதில் கீழ்ஸ்தாயியையும் நடுஸ்தாயியையும் ஒலிக்க கெஃப் நிறுவனத்தின் 5 அங்குல பி110 கூம்பு. ஹாலை நிரப்பும் பேஸ் அதிலிருந்து வராது. சென்சிடிவிட்டியும் (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 83 டெசிபெலுக்குள்தான், குறைவு. உங்கள் 20 வாட் 8 ஓமுக்கான கணக்கு என்றால், 15 ஓமில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதற்காக வால்யூமை முறுக்க வேண்டாம், பி110 தாங்காது.

சின்ன அறைக்கு மாற்றுங்கள். அலமாரி வேண்டாம், ட்வீட்டர் (மேல்ஸ்தாயி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வைத்து, ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். முன்பக்கத் துணியைக் கழற்றாதீர்கள், அதோடு சேர்த்துத்தான் ஒலியைச் சரிசெய்திருக்கிறார்கள். ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஃபெல்ட் பட்டை உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; உதிர்ந்திருந்தால் மேல்ஸ்தாயி கூசும்.

அப்புறம் ஒரு நல்ல குரலைப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாக விழும். ஹாலில்தான் வைத்தாக வேண்டுமென்றால், பேஸுக்கென்றே தனியான நல்ல சப்வூஃபர் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.