லீவே போடல, அப்புறம் ஏன் வருமானம் குறையுது?

கேள்வி: ஃப்ரீலான்ஸா டிசைன் பண்றேன், முடிச்ச வேலைக்குத்தான் காசு. மைக்ரேன் இருக்கு, மாசத்துல எட்டு நாள் வரைக்கும் வரும். வலி மாத்திரை போட்டுட்டு உக்காந்துடுவேன், லீவே போட்டதில்ல. ஆனாலும் வருமானம் இறங்கிட்டே வருது. டாக்டருக்கு செலவு பண்றது வீண்னு தோணுது, அதுக்கு பதிலா இருக்கிற சேமிப்ப போட்டு ஹோம் லோன கொஞ்சம் அடைச்சிடலாமா?

பதில்: லோன இப்போதைக்கு தொடாதீங்க. லீவு போடல, அதனால நஷ்டம் இல்லன்னு நினைக்கிறீங்க பாருங்க, பணம் போறதே அங்கதான். உடம்பு முடியாம உக்காந்து வேலை பாக்கிறத பிரசென்டீயிசம்னு சொல்வாங்க, பல நோய்கள்ல லீவால வர்ற நஷ்டத்தவிட இதுதான் பெருசு, ஆனா எந்தக் கணக்குலயும் ஏறாது.

கணக்கு போட்டு பாருங்க. நல்ல நாள்ல 5 பக்கம், தலைவலி நாள்ல 2 பக்கம்னா ஒரு நாளைக்கு 3 பக்கம் போச்சு. எட்டு நாளைக்கு 24. மாசம் 22 நாள் வேலைன்னா மொத்தம் 110 பக்கம் வரணும், அதுல 24 போனா கிட்டத்தட்ட 22 சதவீதம். இதுல தப்பா செஞ்சு திரும்ப செய்யுற நேரத்த சேர்க்கல, வலி விட்டப்புறமும் ஒருநாள் ரெண்டுநாள் மூளை மந்தமா இருக்குமே அதையும் சேர்க்கல, லேட்டா குடுத்ததால திரும்ப வராத கிளையன்ட்டையும் சேர்க்கல. இது நான் சும்மா போட்ட கணக்கு, ரெண்டு மாசம் உங்க கணக்க நீங்களே எழுதி வைங்க.

இவ்ளோ வருமானத்த திருப்பி கொண்டுவர வாய்ப்பிருக்கிற டாக்டர் செலவ வீண்னு எப்படி சொல்றது? முதல்ல நியூராலஜிஸ்ட்ட போங்க. வலி மாத்திரைய மாசத்துல 10, 15 நாளுக்கு மேல போட்டா (எத்தனை நாள்ங்கிறது மாத்திரைய பொறுத்தது) அந்த மாத்திரையே தலைவலிய அதிகமாக்கிடும், நீங்க எட்டு நாள்னு சொல்றீங்க, அது ஏறிட்டே போறதுக்கு முன்னாடி போறது நல்லது. வராம தடுக்கிற மருந்து வேலை செய்யுதான்னு தெரிய பொதுவா ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்குமான செலவ இப்பவே தனியா ஒதுக்கிடுங்க, பாதில நிறுத்தினா போட்ட காசும் போயிடும்.

மீதி சேமிப்பு எமர்ஜென்சி ஃபண்டாவே இருக்கட்டும். எல்லாருக்கும் மூணுல இருந்து ஆறு மாச செலவுக்கு வேணும்னு சொல்வோம், உங்களுக்கு ஆறுக்கு குறையவே கூடாதுன்னு சொல்வேன். லோன்ல கட்டின காசு அவசரத்துக்கு திரும்ப கைக்கு வர்றது கஷ்டம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா மட்டும் அத முதல்ல முடிங்க, அந்த வட்டி வேற லெவல். இனிமே பட்ஜெட்ட சராசரி வருமானத்த வச்சு போடாதீங்க, ரொம்ப மோசமான மாசத்துல என்ன வந்துச்சோ அத வச்சு போடுங்க.

இன்சூரன்ஸ் பத்தி ஒண்ணு. ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரி பில்லுக்குத்தான், நின்னு போன சம்பாத்தியத்துக்கு இல்ல. வேலை செய்ய முடியாம போனா மாசாமாசம் பணம் தர்ற இன்கம் ப்ரொடெக்ஷன் உங்களுக்கு கிடைக்குமான்னு கேளுங்க, ஆனா அதுலயும் ஆரம்பத்துல சில வாரமோ மாசமோ காத்திருக்கணும், அந்த இடைவெளிக்கும் மேல சொன்ன ஃபண்டுதான். ஃபார்ம்ல மைக்ரேன் இருக்குன்னு கண்டிப்பா எழுதுங்க, பிரீமியம் ஏறினாலும் பரவால்ல, மறைச்சா க்ளெய்ம் பண்றப்ப மாட்டிப்பீங்க.