சிறு தொழிலுக்கு நீண்டகால வளர்ச்சி இலக்கு வைக்க எந்தத் தரவுகளைப் பார்க்க வேண்டும்?

மாங்குளத்தில் மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கும் மில் வைத்திருக்கிறீர்கள், அடுத்த பத்து வருடத்துக்கு இலக்கு வைக்க எந்தப் புள்ளிவிபரத்தைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புதுக்குடியிருப்பில் கச்சான் (நிலக்கடலை) வாங்கி, கோது உடைத்து, வறுத்துப் பக்கற்றில் போடுகிறவன். பொருள் வேறாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே கச்சேரிதான், அதாவது முல்லைத்தீவு மாவட்டச் செயலகம், எனவே நான் பிழை விட்ட இடங்களைச் சொல்கிறேன்.

முதலில், இலக்கை ரூபாயில் வைக்காதீர்கள். 2019இல் 'ஐந்து வருடத்தில் விற்பனை இரண்டு மடங்கு' என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். 2022 கடைசியில் கணக்குப் பார்த்தால் இரண்டு வருடம் முந்தியே அது வந்துவிட்டது. வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் கிலோக்களைக் கூட்டிப் பார்த்தேன். 2019இல் மாதம் 400 கிலோ கச்சான் பருப்பு போனது, 2022இல் 310. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். விலை ஏறிய ஏற்றத்தை நான் என் கெட்டித்தனம் என்று நினைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து இலக்கெல்லாம் கிலோவில்தான்.

அதற்கு முன் ஒரு நிறுவனம் நடத்திய பயிற்சிக்கும் போனேன். வெளிநாட்டுத் தின்பண்டச் சந்தை வளரும் வேகத்தைத் திரையில் காட்டி, எல்லோருடைய திட்டத்திலும் வருடம் 25 வீதம் என்று எழுத வைத்தார்கள். கோழி வளர்ப்பவருக்கும் அதே 25, தையல்காரிக்கும் அதே 25.

நான் நம்புவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் மாவட்டப் புள்ளிவிபரக் கைந்நூலை. கச்சேரியில் இருக்கும் புள்ளிவிபரக் கிளையில் கேட்டால் பழைய வருடங்களையும் பார்க்கலாம். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் பிரயோசனமில்லை, பத்து வருடத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆனால் எங்கள் வன்னிப் பகுதி எண்களில் ஒரு கண்ணி உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு சனம் கொஞ்சம் கொஞ்சமாக மீளக் குடியேறிய காலத்தில் பயிர் நிலம், கடை, வாகனம் எல்லாமே அடியிலிருந்து எழும்பியவை. 2010ஐ அடி வருடமாக வைத்தால் எந்தத் தொழிலும் ரொக்கெட் வேகத்தில் வளர்ந்ததுபோலத் தெரியும். அது சனம் ஊருக்குத் திரும்பி வந்த கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறக்குறைய 92 ஆயிரம் பேர். நான் 2013, 2014க்குப் பிறகு வந்த எண்களைத்தான் எடுக்கிறேன். 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பும் அதற்குத் தோதான தொடக்கப் புள்ளி.

சராசரியையும் நம்பாதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளம், 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடை, இதெல்லாம் சராசரிக்குள் மறைந்துவிடும். நான் பத்து வருடத்தில் மோசமான இரண்டை எடுத்து, 'அந்த வருடத்திலும் எனக்குத் தேவையான கச்சான் கிடைத்திருக்குமா' என்று பார்ப்பேன். 2030க்கு என் இலக்கு மாதம் 900 கிலோ பருப்பு. வருடத்துக்கு 10,800 கிலோ. இந்த இடத்தில் நான் வெட்கப்பட வேண்டிய ஒரு பிழை உண்டு: எனக்குக் கிடைத்த விளைச்சல் கணக்கு கோதோடு, என் கணக்கு பருப்பு. 100 கிலோவை உடைத்தால் 65, 70 கிலோதான் மிஞ்சும். அதாவது எனக்கு 16 தொன் வேண்டும். பதினொரு தொன் போதுமென்று நினைத்து வங்கிக்குப் போகப் பார்த்தேன். உங்களுக்கும் அப்படித்தான்: பச்சை மிளகாயா, செத்தலா, நெல்லா, அரிசியா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் பெருக்காதீர்கள்.

எங்களிடம் வாங்குகிற சனத்தின் நிலையைப் பார்க்க வீட்டு வருமான செலவு ஆய்வு இருக்கிறது. 2019 ஆய்வின்படி முழு இலங்கையிலும் வறுமை 14.3 வீதம், முல்லைத்தீவில் 44.5. அதைப் பார்த்த பிறகு 500 கிராம் பக்கற்றை உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினேன். இங்கே சின்னப் பக்கற், பெரியது ஏ9 வீதி வழியாக வெளி மாவட்டங்களுக்கு.

ஊர் மட்டத்து விபரத்துக்கு கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும். முகம் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கடைசியாக உங்கள் மில். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை கிலோ அரைக்கிறார்கள் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். ஒரு வருடமாவது எழுதின பிறகு கைந்நூல் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திருவிழா நடந்த மாதத்து விற்பனையை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கி இலக்கு வைத்தேன். அந்த வருடம் வாங்கிய வெறும் பக்கற்றுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன, மில்லுக்குத் தேவையென்றால் சொல்லுங்கள்.