முழங்காலுக்குப் பின்னால் வளையும் குழாய்: தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று நீங்கள் மகளுடன் மேற்படிப்பு ஆலோசனைக்காகக் காரைக்குடிக்கு வந்திருந்தபோது, அடுத்தவர் காத்திருந்த அவசரத்தில் நான் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதை எழுத்தில் முழுமையாகச் சொல்வதே முறை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள், இவளோ ஸ்டென்ட் செய்யப் போகிறேன் என்கிறாள், அது ஒரு படிப்பா?" என்று கேட்டீர்கள். ஸ்டென்ட் என்பது இரத்தக்குழாயின் வழியைத் திறந்து பிடிக்க அதனுள் வைக்கும் சிறு குழாய். அதைச் செய்வது ஒரு படிப்பு அன்று. நான்கைந்து படிப்புகளைப் படித்தவர்கள் கூடிச் செய்யும் ஒரு வேலை. உங்கள் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது; என் பதிலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

நீங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினாள். பழைய கண்டாங்கிச் சேலையின் துண்டைச் சுருட்டித் தைத்த விரல் பருமனுள்ள குழாய் அது. அதனுள் நான்கு பேனா ஸ்பிரிங்குகளை இடைவெளி விட்டு நூலால் கட்டியிருந்தாள். குழாயை வளைத்துக் காட்டி, "வெளிப்பக்கம் துணி இழுபடுகிறது, உள்பக்கம் மடிந்து பாதி வழியை அடைத்துக்கொள்கிறது, சார்" என்றாள். பிறகு இன்னொரு குழாயை எடுத்தாள். அதற்குத் துணியை நேராக வெட்டாமல், ஜாக்கெட் தைப்பவர்கள் கிராஸ் கட் என்பார்களே, அப்படி மூலைவாட்டில் வெட்டியிருந்தாள். அதை வளைத்தபோது மடிப்பு குறைவாகவே விழுந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை வளைந்தாலும் அடைபடாத குழாயை எப்படிச் செய்வது என்ற இந்தத் துறையின் நடுக்கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறாள் என்பதை நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது என் தவறு.

உங்கள் மாமனாருக்கு முழங்காலின் பின்புறத் தமனி வீங்கிப் பலூன் போல் ஆகியிருந்ததாகவும், மதுரையில் காலைத் திறக்காமலேயே உள்ளே ஒரு குழாய் வைத்ததாகவும் சொன்னீர்கள். அதுதான் உறையிட்ட ஸ்டென்ட். மாரடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் பொதுவாக உறையில்லாத உலோக வலை. அடைப்பை விலக்கிப் பிடித்தால் போதும். வீங்கிய இடத்திலோ கிழிந்த இடத்திலோ வலை மட்டும் போதாது, கண்ணிகளின் வழியே இரத்தம் வெளியே போய்விடும். ஆகவே அந்த வலையின் மேல் அல்லது உள்ளே இரத்தம் கசியாத உறை ஒன்று வேண்டும். 1987-இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் அறுவை மருத்துவர் வோலோதோஸும், 1990-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் அறுவை மருத்துவர் பரோடியும் பெருந்தமனிக்குள் இத்தகைய குழாயைப் பொருத்திய பிறகே இந்த வழி உலகெங்கும் விரிந்தது.

பெருந்தமனியில் வைப்பது ஒரு சிக்கல் என்றால், முழங்காலுக்குப் பின்னால் வைப்பது வேறொரு சிக்கல். நாம் உட்காரும்போது அந்தத் தமனி வளைகிறது, சுருங்குகிறது, சற்று முறுக்கவும் படுகிறது. எழுந்தால் மீண்டும் நீள்கிறது. அதற்குள் இருக்கும் குழாய் இத்தனைக்கும் இசைந்து கொடுக்க வேண்டும். அதே சமயம் தசைகள் அழுத்தும்போது நசுங்காமலும் நிற்க வேண்டும். உலோக வளையங்களை இணைக்கும் பாலங்களைக் குறைத்தால் குழாய் நன்றாக வளையும், ஆனால் ஒரே இடத்தில் மடிந்து அடைபடக்கூடும். பாலங்களைக் கூட்டினால் உறுதி வரும், ஆனால் விறைத்த முனைகள் தமனியின் சுவரை உறுத்தி, அங்கே திசு வளர்ந்து பாதை மீண்டும் குறுகும். சில வடிவமைப்புகளில் வளையங்களுக்கிடையே உலோக இணைப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, உறையையே இணைப்பாக்கிவிடுகிறார்கள். உங்கள் மகள் நூலால் கட்டிய ஸ்பிரிங்குகள் அந்த வழியில்தான் போயிருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகு, 6 மி.மீ. விட்டத்துக்கு விரிய வேண்டிய அந்தக் குழாயைச் சுருக்கி, 2 முதல் 3 மி.மீ. விட்டமுள்ள வழியில் செலுத்த வேண்டும். அது சாத்தியமாவது நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியக் கலவையால். குளிரில் இளகிக்கொடுத்து, உடல் சூட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகம் அது. உறைக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியையோ டெஃப்லான் குடும்பத்து நுண்துளைப் படலத்தையோ பயன்படுத்துகிறார்கள். மெதுவாக இழுத்தால் அறுந்துகொண்டே இருந்த சூடான பிளாஸ்டிக் தண்டை 1969-இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் கிடைத்த படலம் அது. நம் இதயம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி முறை துடிக்கிறது. பத்து ஆண்டுத் துடிப்புக்கு ஈடாக 40 கோடி முறை விரிந்து சுருங்கியும் கம்பி முறியாமல் இருக்கிறதா என்று எந்திரத்தில் வைத்துச் சோதிப்பது இத்துறையின் வழக்கம். நடையால் வரும் வளைவுக்குத் தனிச் சோதனை உண்டு. சம்மணமிட்டு இலையில் சாப்பிடும் செட்டிநாட்டுப் பெரியவரின் முழங்கால், நாற்காலியில் உட்காருபவரின் முழங்காலைவிட எத்தனை மடங்கு மடங்குகிறது என்பதை இங்கிருந்து போகும் ஒரு பொறியாளர் மறக்கமாட்டார் என்பது என் ஆசை.

இனி படிப்புக்கு வருகிறேன். பெயரில் பயோமெடிக்கல் என்று இருப்பதற்காக மட்டும் அந்தப் பிரிவை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனைப் பாடத்திட்டத்தைப் பார்க்காமலேயே ஒரு கல்லூரியின் பயோமெடிக்கல் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே பெரும்பகுதி மின்னணுக் கருவிகளும் சிக்னல்களும்தான். செயற்கை மூட்டு வடிவமைக்க விரும்பிய அவன் இன்று மருத்துவமனையில் வென்டிலேட்டர்களைப் பழுது பார்க்கிறான். நல்ல வேலைதான்; அவன் கேட்ட வேலை அன்று. அந்தக் குற்றவுணர்ச்சியே இப்போது என்னை எச்சரிக்கையாக்குகிறது. உங்கள் மகளின் கேள்வி வளைவு, இழுவிசை, முறிவு பற்றியது. அதற்கு அடித்தளம் மெக்கானிக்கல் அல்லது உலோகவியல் மற்றும் பொருள் அறிவியல். திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் பிரிவு இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழியே போனால் நம் ஊர் அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் பிரிவே போதும். வீட்டைவிட்டு அனுப்பத் தயங்கும் உங்களுக்கும் அது ஆறுதல்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். நிட்டினால் கம்பியின் மேற்பரப்பை மின்வேதி முறையில் மெருகேற்றி, அதன்மேல் டைட்டானியம் ஆக்சைடு படலத்தைச் சீராக நிறுத்தினால்தான் நிக்கல் உடலுக்குள் கசிவது குறையும். வெடிப்பு தொடங்கும் கீறல்களும் மறையும். உலோக அரிப்பையும் மின்வேதியியலையும் முழுநேரமாக ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த நிறுவனம் அது. 1953 முதல் இயங்குகிறது. அங்கே அண்ணா பல்கலைக்கழக இணைப்புடன் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். உண்டு. எந்திரவியலைவிட வேதியியல் அவளுக்கு இனிக்கிறதென்றால் அதுவும் நேர்வழியே.

அவள் கணிதம்-உயிரியல் பிரிவில் இருப்பது வசதி. உயிரியலை விட்டுவிட வேண்டாம், ஆனால் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதை மறக்கவும் வேண்டாம். நீட்டுக்கும் ஒரு கை பார்க்கலாமே என்று கேட்டீர்கள். அவளுக்கு மருத்துவராகும் எண்ணம் இல்லாதபோது அது ஓர் ஆண்டு உழைப்பை இரண்டாகக் கிழிப்பதாகும்.

நான்கு ஆண்டு முடித்தபின் முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வு எழுதி மருத்துவக் கருவித் துறைக்குள் நுழையலாம். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் எஞ்சினியரிங் முதுநிலைப் படிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர் மருத்துவமனைக்குள் நின்று கற்கிறார். இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் இந்தியாவின் செயற்கை இதய வால்வை உருவாக்கியதும் அதே திருவனந்தபுரம் நிறுவனம்தான். முதல் மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவதுதான் 1990 டிசம்பரில் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மென்பொருளில் இருக்கும் அளவுக்கு இங்கே இடங்கள் இல்லை; தொடக்கச் சம்பளத்தில் அவளுடைய தோழிகள் சில ஆண்டுகள் முன்னே நிற்பார்கள். ஸ்டென்ட் தயாரிக்கும் ஆலைகள் குஜராத்தின் சூரத், வாப்பி பக்கம் இருக்கின்றன. வடிவமைப்பு, சோதனை அலுவலகங்கள் பெங்களூரு, ஐதராபாத்தில் உண்டு. நேரே வடிவமைப்பு மேசை கிடைப்பது அரிது. பெரும்பாலோர் தரச் சோதனையிலோ ஒப்புதல் ஆவணப் பணியிலோதான் தொடங்குகிறார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவி விதிகளின்படி இதய ஸ்டென்ட்கள் ஆபத்து மிகுந்த "டி" வகுப்பைச் சேர்ந்தவை. ஆகவே அந்த ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை தட்டுப்பாடில்லை. ஒருவேளை மனம் மாறினாலும், மெக்கானிக்கல் படித்தவருக்கு வேறு கதவுகள் திறந்தே இருக்கும். பெயரைப் பார்த்துப் பிரிவு எடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலுடன் அவளை அழைத்து வாருங்கள், முடிந்தால் மாமனாரையும். எவ்வளவு நேரம் சம்மணமிட்டால் கால் மரத்துப்போகிறது என்று அவரிடம் அவளே கேட்டு எழுதி வரட்டும். அந்த இரண்டு துணிக் குழாய்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கல்லூரியின் மெக்கானிக்கல் பேராசிரியர் ஒருவரிடம் அவற்றைக் காட்டுவதற்கு நேரம் கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்,
காரைக்குடி